காற்று எம்மிடம் இருக்கிறது. அதைத் தாங்கும் மின்கட்டமைப்பு இருக்கிறதா?

2025 பெப்ரவரி 09, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி கடந்து சில நிமிடங்களில் முழு இலங்கையும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழந்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியுடன் தொடர்புபட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அன்று மாலை வரை நாட்டின் பல பகுதிகளில் மின்சாரம் இல்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோனதால் அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்துண்டிப்பும் அமுலானது.

குரங்கை வைத்து நாமெல்லோரும் சிரித்தோம். ஆனால் ஒரு உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு ஏன் ஒரு நாட்டையே முடக்கியது என்ற கேள்வி அந்தச் சிரிப்பில் மறைந்துபோனது. மன்னார் காற்றாலைகள் குறித்து இன்று நடக்கும் சூடான விவாதத்தின் விடையில் ஒரு பாதி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அன்று நடந்தது என்ன?

எமது மின்கட்டமைப்பு 50 ஹேர்ட்ஸ் என்ற அதிர்வெண்ணில் இயங்குகிறது. உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தால்தான் இந்த அளவு நிலைத்திருக்கும். நீர்மின், அனல்மின் நிலையங்களில் சுழலும் இராட்சத இயந்திரங்களுக்கு ஒரு குணம் உண்டு. எங்கோ திடீரென மின்சாரம் தடைப்பட்டாலும், அவை தமது பாரத்தின் வேகத்தால் சில நொடிகள் கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கும். ஓடும் பாரலொறி பிரேக் போட்டவுடன் நிற்காததைப் போன்றது இது. அந்தச் சில நொடிகளுக்குள் மற்ற நிலையங்கள் உற்பத்தியைக் கூட்டிக்கொள்ளும்.

கூரைச் சூரிய மின்கலங்களில் சுழலும் பாரம் எதுவும் கிடையாது. இன்றைய காற்றாலைகளில் விசிறி சுழன்றாலும், அது இலத்திரனியல் சாதனங்கள் ஊடாகவே கட்டமைப்புடன் இணைகிறது. ஆகவே விசேட ஏற்பாடு செய்யாவிட்டால் இந்தத் தாங்குசக்தி அதிலிருந்தும் கிடைக்காது. பெப்ரவரி 09 விடுமுறை நாள். தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்தன. பாவனை குறைவு, வெயில் அதிகம். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு சூரியனிலிருந்து வந்துகொண்டிருந்தது. சுழலும் இயந்திரங்கள் குறைந்திருந்த அந்த வேளையில் வந்த சிறு அடியைக் கட்டமைப்பால் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைச் சூரிய மின்சாரத்தைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்குமாறு உரிமையாளர்களிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருளில் இருந்த நாடு, மூன்றே ஆண்டுகளில் இலவசமாகக் கிடைக்கும் வெயிலை வேண்டாம் என்று சொன்னது. சூரியனுக்கு நேர்ந்த இதே கதிதான், ஆயத்தமில்லாமல் போனால், காற்றுக்கும் நேரும்.

மன்னார் காற்றின் பெறுமதி

காற்று மின்சாரம் எமக்குப் புதிதல்ல. இலங்கை மின்சார சபை 1999 இல் ஹம்பாந்தோட்டையில் 3 மெகாவாட் பரீட்சார்த்தக் காற்றாலையை நிறுவியது. 2010 இல் கற்பிட்டிக் குடாவின் மாம்புரியில் தனியார் காற்றாலை வந்தது. 2020 டிசம்பரில் மன்னார் தீவின் தென்கரையோரம் 30 விசிறிகளுடன் 103.5 மெகாவாட் 'தம்பபவனி' திறக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் உருவான, மின்சார சபைக்கே சொந்தமான திட்டம் அது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மன்னாரிலும் புத்தளத்திலும் பலமாக வீசும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று ஓரளவு கைகொடுக்கும். சூரியனைப் போலன்றிக் காற்று இரவிலும் வீசுவதால், நாட்டின் மின்தேவை உச்சத்தைத் தொடும் மாலை 6 மணிக்குப் பின்னரும் இது பயன்தரும். அந்த நேரத்தில்தான் நாம் டீசலையும் எண்ணெயையும் எரித்து மிகக் கூடிய விலையில் மின்சாரம் பெறுகிறோம். மன்னார் காற்றிலிருந்து வரும் ஒவ்வோர் அலகும் டொலர் கொடுத்து வாங்கும் எண்ணெயில் ஒரு பகுதியை மிச்சப்படுத்துகிறது. 2022 ஓகஸ்ட்டிலும் 2023 பெப்ரவரியிலும் அடுத்தடுத்து ஏறிய மின்கட்டணத்தைக் கட்டிய எந்தக் குடும்பத்துக்கும் இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

விலை பற்றிய விவாதமும் முக்கியமானது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் அமைக்க வந்த இந்தியாவின் அதானி நிறுவனத்துக்கு 2024 இல் அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் வழங்க இணங்கப்பட்டது. புதிய அரசாங்கம் அதனை மீளாய்வுக்கு எடுத்ததை அடுத்து, 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. போட்டி விலைமனு மூலம் மன்னாரின் 50 மெகாவாட் திட்டம் ஒன்று 4.65 சதத்துக்கு உள்நாட்டு நிறுவனத்துக்குக் கிடைத்தது. இரு திட்டங்களின் அளவும் நிபந்தனைகளும் வேறானவை. ஆனாலும் திறந்த போட்டியின் பலன் என்னவென்பதை இந்த இலக்கங்கள் சொல்கின்றன.

எனினும் காற்றாலை வாசலில் மின்சாரம் என்ன விலை என்பது கணக்கின் முதல் வரி மட்டுமே. அதனை எமது வீட்டு மின்குமிழ் வரை பாதுகாப்பாகக் கொண்டுவரும் செலவு அடுத்த வரிகளில் வருகிறது.

கட்டமைப்புக்கு என்ன தேவை?

முதலாவது, மின்கடத்தும் பாதை. காற்று வீசும் மன்னாரும் மின்சாரம் தேவைப்படும் கொழும்பும் நாட்டின் இரு மூலைகள். தம்பபவனி மின்சாரம் நடுக்குடா உப மின்நிலையத்திலிருந்து வவுனியா, அநுராதபுரம் ஊடாகத்தான் தேசிய கட்டமைப்பைச் சேர்கிறது. பாதை முந்த வேண்டும், விசிறி பிந்த வேண்டும். கென்யாவில் இது தலைகீழாக நடந்தது. துர்கானா ஏரியருகே 310 மெகாவாட் காற்றாலை 2017 இல் தயாரானது. மின்கடத்தும் பாதையோ 2018 செப்டெம்பரில்தான் இணைந்தது. இடைப்பட்ட காலத்தில் விசிறிகள் சும்மா நிற்க, அரசாங்கம் நிறுவனத்துக்கு நட்டஈடு செலுத்த நேர்ந்தது.

இரண்டாவது, விரைந்து கூடிக் குறையக்கூடிய மின்நிலையங்கள். காற்று திடீரெனத் தணிந்தால் சில நிமிடங்களில் அந்த இடைவெளி நிரப்பப்பட வேண்டும். விக்டோரியா, கொத்மலை போன்ற நீர்மின் நிலையங்களால் இது முடியும். நிலக்கரி நிலையத்தால் இலகுவில் முடியாது. அதனை ஒரு மட்டத்துக்குக் கீழே குறைக்கவும் இயலாது, அணைத்துவிட்டு உடனே மூட்டவும் இயலாது. ஆனால் மகாவலி நீர் மின்சாரத்துக்கு மட்டும் உரியதல்ல, விவசாயிகளுக்கும் உரியது. வயலுக்கு நீர் திறக்கும் கால அட்டவணையும் காற்றின் கால அட்டவணையும் ஒன்றாக வைத்துப் பார்க்கப்பட வேண்டும்.

மூன்றாவது, சேமிப்பு. மிதமிஞ்சிய மின்சாரத்தால் நீரை மேல் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, தேவையான வேளையில் கீழே விட்டு மின்சாரம் பெறும் 600 மெகாவாட் மகா ஓயா திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அது முடிய நீண்ட காலம் எடுக்கும். மின்கல அடுக்குகளை ஒன்றிரண்டு ஆண்டுகளில் நிறுவலாம். 160 மெகாவாட் மின்கலச் சேமிப்புக்கு 2025 இல் விலைமனு கோரப்பட்டமை நல்ல ஆரம்பம். நுரைச்சோலை நின்ற அந்த நொடிகளில் கட்டமைப்பைத் தாங்கக்கூடிய வகை மின்கலங்களா இவை என்பதையும் கேட்க வேண்டும். எல்லா மின்கலங்களும் அவ்வேலையைச் செய்யாது.

நான்காவது, முன்னறிவிப்பும் நேர்மையான ஒப்பந்தமும். நாளைய காற்றை இன்றே கணித்தால்தான் எந்த நிலையத்தை ஆயத்தமாக வைப்பது எனத் தீர்மானிக்கலாம். கட்டமைப்பால் ஏற்க முடியாத நேரத்தில் காற்றாலையை நிறுத்தச் சொன்னால், உற்பத்தியாகாத மின்சாரத்துக்கு யார் பணம் கொடுப்பது? ஒப்பந்தத்தின் உள்பக்கங்களில் இருக்கும் இந்த விடயம் மக்களின் மின்கட்டணத்தில் வந்து முடியும். ஆகவே அந்தப் பக்கங்களும் பகிரங்கமாக வேண்டும்.

இந்தியாவுடன் மின்கட்டமைப்பை இணைக்கும் உடன்படிக்கை 2025 ஏப்ரலில் கைச்சாத்தானது. மிதமிஞ்சிய காற்றை விற்கவும், பற்றாக்குறையில் வாங்கவும் அது வழி திறக்கலாம். ஆனால் உள்வீட்டைச் சீராக்காமல் அயல்வீட்டை நம்பியிருப்பது திட்டமாகாது.

மண்ணின் மக்களைத் தவிர்த்து அல்ல

2030 இல் 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்பது அரசின் இலக்கு. அந்த இலக்கை விரைந்து எட்டும் அவசரத்தில் மன்னார் மக்கள் ஓரந்தள்ளப்படக் கூடாது. 2025 ஓகஸ்ட்டில் விசிறிப் பாகங்கள் தீவுக்குள் வருவதை மக்கள் மறித்தார்கள். ஜனாதிபதி ஒரு மாத காலம் பணிகளை நிறுத்தினார். செப்டெம்பர் இறுதியில் பொலிஸாருக்கும் மக்களுக்கும் இடையே மோதல் ஏற்பட்டு, மன்னாரில் ஹர்த்தாலும் நடந்தது.

தாழ்வான தீவில் விசிறிகளுக்காகப் போடப்பட்ட பாதைகளும் மேடைகளும் மழைநீர் வடிவதைத் தடுக்கின்றன என்பது அம்மக்களின் முறைப்பாடு. மீன்பிடி, வலசை வரும் பறவைகள், கனிய மணல் அகழ்வு பற்றிய அச்சங்களும் இருக்கின்றன. இவற்றை "அபிவிருத்திக்கு எதிரானவர்கள்" என்ற ஒரு சொல்லால் துடைத்துவிட முடியாது. கென்யாவின் அதே துர்கானா திட்டத்தில், காற்றாலைக்கான காணி முறைப்படி பெறப்படவில்லை என்று 2021 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்களைக் கேட்காமல் கட்டியதன் விலை கட்டி முடித்த பின்னர் தெரியவந்தது. மறுபுறம், எகிப்தின் சூயஸ் வளைகுடாவில் பறவைக் கூட்டங்கள் கடக்கும்போது விசிறிகளை நிறுத்தும் முறை நடைமுறையில் உண்டு. மனம் இருந்தால் வழியும் இருக்கிறது.

எமது சமூகத்துக்கு இதில் விசேட பங்கு உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எருக்கலம்பிட்டி மக்கள் உள்ளிட்ட மன்னார் முஸ்லிம்கள் கடல் கடந்து கற்பிட்டிக் கரையை அடைந்தார்கள். விட்டுவந்த தீவில் இன்று காற்றாலை. வந்து குடியேறிய புத்தள மாவட்டத்தில் நுரைச்சோலைப் புகைபோக்கி. நிலக்கரிச் சாம்பலால் தோட்டங்களும் மூச்சும் பாதிக்கப்படுவதாகப் புத்தளம் மக்கள் நீண்டகாலமாக முறையிடுகிறார்கள். காற்று மின்சாரம் சரியாக இணைந்தால் நிலக்கரி குறையும். அதாவது மன்னாரில் நீதியாக நடக்கும் வேலை புத்தளத்தில் சுத்தமான மூச்சாக மாறும். ஓர் ஊரின் துன்பத்தை இன்னோர் ஊருக்கு மாற்றிவிடுவதை நாம் தீர்வாக ஏற்க முடியாது.

நாம் செய்யக்கூடியது

ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் நீரை விரயமாக்கக் கூடாது என்று கற்ற சமூகம் நாம். காற்றும் வெயிலும் அல்லாஹ்வின் அருட்கொடைகள்; அவற்றைப் பெற்றுக்கொண்டே வீணாக்குவதும் விரயம்தான். கூரையில் சூரிய மின்சாரம் உள்ள பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் தண்ணீர்த் தாங்கியை நிரப்புவது போன்ற வேலைகளை மாலையிலிருந்து நண்பகலுக்கு மாற்றலாம். வசதியுள்ளோர் புதிய இணைப்பு எடுக்கும்போது மின்கலத்தையும் சேர்த்து யோசிக்கலாம். சிறிய வேலைகள்தான், ஆனால் மாலை உச்சத்தைக் குறைப்பவை.

எமது பாராளுமன்றப் பிரதிநிதிகளிடம் கேட்பதற்கும் கேள்விகள் உள்ளன. அடுத்த காற்றாலைக்கு முன் மின்கடத்தும் பாதை தயாராகுமா? மின்கலங்கள் எப்போது வரும்? காற்றாலையை நிறுத்தும் நேரத்துக்கான கொடுப்பனவு எவ்வளவு? மன்னாரின் வடிகாலைச் சுயாதீனமாக ஆராய்ந்த அறிக்கை எங்கே? காற்றாலையின் வருமானத்தில் அந்தத் தீவின் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் என்ன கிடைக்கும்?

குரங்கு தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நாம் எமது வேலையைச் செய்யாவிட்டால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வரும். அதற்கு முன் ஆட்சியாளர்கள் இந்த அமானிதத்தைப் பொறுப்புடன் நிறைவேற்றினால், மன்னார் காற்று அந்தத் தீவு மக்களுக்குச் சுமையாகாமல் முழு நாட்டுக்கும் ஒளியாகும், இன்ஷா அல்லாஹ்.