பேஸ்மென்ட்டில் ஓடும் எஞ்சின்: ஜன்னலைத் திறந்து வைத்தால் போதுமா?

2023 அக்டோபர் 15, ஞாயிறு. திருவனந்தபுரத்தில் விடிய விடியப் பெய்த மழையில் தெற்றியாறு கரைபுரண்டது. கழக்கூட்டம் துணை மின் நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. டெக்னோபார்க் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்த நாள் நினைவிருக்கும்.

அப்படி ஒரு நாளில் உங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லை. அசோசியேஷன் பெட்ரோலில் ஓடும் பம்புசெட்டை வாடகைக்கு எடுத்துக் கீழே இறக்குகிறது. பக்கத்தில் இரண்டு தொழிலாளர்கள். கார் இறங்கும் வழி திறந்துதான் இருக்கு, காற்று வருதே, அப்புறம் என்ன என்று தோன்றும். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என்ன நடக்கிறது?

எரிபொருள் முழுசாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு சீராகவே போகும், ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது.

பெட்ரோல் ஜெனரேட்டர், பம்புசெட், கான்கிரீட் வெட்டும் மெஷின், தரை மெழுகும் மெஷின் எல்லாவற்றிலும் இருப்பது சின்ன எஞ்சின்தான். காரில் புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இவற்றில் பெரும்பாலும் கிடையாது. சின்ன எஞ்சின்தானே என்ற நினைப்பு அதனால்தான் தப்பு.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

ஒரு சின்னக் கணக்கு. 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு தளம். கிட்டத்தட்ட உங்கள் இரண்டு படுக்கையறை ஃபிளாட் அளவு. அதில் 300 கன மீட்டர் காற்று இருக்கும். சட்டம் சொல்லும் வரம்பு 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு. அந்த வரம்பைத் தொட அங்கே 15 லிட்டர் கார்பன் மோனாக்சைடு போதும். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனே 20 லிட்டர்.

1,200 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவு.

கேரளத்தில் நடந்ததா?

2024 டிசம்பர் 23 அன்று கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு ஊழியர்கள் இறந்து கிடந்தார்கள். ஏசி ஓடுவதற்காக இயக்கிய ஜெனரேட்டரின் புகை, வண்டித் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருந்தது. கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் அதே கேரவனில் சோதித்தபோது, இரண்டு மணி நேரத்தில் அளவு 957 பிபிஎம்மைத் தொட்டது. 50-உடன் ஒப்பிட்டால் சுமார் 19 மடங்கு.

அது கட்டுமான இடம் இல்லைதான். ஆனால் மூடிய இடம், ஓடும் எஞ்சின், உள்ளே ஆட்கள் என்ற சேர்க்கை அதேதான்.

ஜன்னல் திறந்திருந்தால்? 1996-ல் நியோஷும் வேறு சில அமெரிக்க அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட எச்சரிக்கையில் ஒரு பிளம்பரின் கதை வருகிறது. அவர் பேஸ்மென்ட்டில் பெட்ரோல் கான்கிரீட் கட்டரை ஓட்டினார். கதவு, ஜன்னல் திறந்திருந்தன, ஃபேனும் ஓடியது. ஆனாலும் கடும் தலைவலி, தலைசுற்றல், மனக்குழப்பம். எஞ்சின் கக்கும் வேகத்துக்கு ஜன்னல் ஈடுகொடுக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் 1998-ம் ஆண்டு கட்டடத் தொழிலாளர் விதிகளில் 40-வது விதி இதை நேரடியாகவே பேசுகிறது. எஞ்சின் புகை வெளியேறும் மூடிய இடம், பள்ளம், சுரங்கம் போன்றவற்றில் காற்றோட்டத்தால் கார்பன் மோனாக்சைடை 50 பிபிஎம்முக்குக் கீழே வைக்க முடியாவிட்டால், தொழிலாளர்களைக் காக்க நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும்.

எண் இருக்கிறது. ஆனால் அளக்கும் கருவி இல்லாமல் 50-ஐத் தாண்டியதை எந்த மூக்காலும் சொல்ல முடியாது. அதோடு இந்த விதிகளுக்கு அடிப்படையான 1996-ம் ஆண்டுச் சட்டம், 10 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள இடத்துக்குத்தான். அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பிலும் அதே 10 பேர் வரம்பு. உங்கள் பேஸ்மென்ட்டில் இறங்கிய இரண்டு பேர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்காகக் கேள்வி கேட்கக்கூடியவர், வேலை கொடுத்த நீங்கள்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• எஞ்சின் வெளியே, வேலை உள்ளே. ஜெனரேட்டரை கட்டடத்துக்கு வெளியே, கதவு ஜன்னலிலிருந்து தள்ளி வைத்து, கேபிளை மட்டும் உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இறைக்க மின்சார சப்மெர்சிபிள் பம்பு, வெட்ட மின்சார கட்டர். ஒப்பந்தத்தில் இதை ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

• அளவு காட்டி அலாரம் அடிக்கும் கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் ஒன்றை அசோசியேஷன் வாங்கி வைக்கலாம். என்95 மாஸ்க் இந்த வாயுவைத் தடுக்காது.

• ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலைவலி, குமட்டல் என்றால் வெயில், பசி என்று விடாதீர்கள். எல்லோரும் வெளியே வர வேண்டும்.

• உள்ளே யாராவது மயங்கிக் கிடந்தால் குதித்து இறங்காதீர்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108.

• மருத்துவமனையில் "எஞ்சின் புகைக்குள் இருந்தார்" என்று முதலிலேயே சொல்லுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் இந்த வாயுவை ஆக்சிஜன் என்றே எண்ணி 98, 99 காட்டலாம். ரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும். சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதியாகக் குறையவே 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம்.

அடுத்த மழைக்கு பம்பு வரும்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "அண்ணா, எஞ்சினை எங்கே வைக்கப் போறீங்க?"