புளியும் பளிங்கும்

புளி போட்டுத் துலக்கினால் பித்தளைக் குத்துவிளக்கு பளபளக்கும் என்பது நீலகிரியில் கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரைச் சிறுவனுக்கும் தெரியும். சென்னைச் சிறுமிக்கும் தெரியும். ஏன் பளபளக்கிறது என்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்?

புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் தாமிரக் களிம்பைப் பற்றிக் கரைத்து விடுகிறது. உலோகத்தோடு உறவாடும் இதே அமிலந்தான் விஞ்ஞானத்தில் ஒரு பெரிய வழக்கையும் தீர்த்து வைத்தது.

வலக்கை, இடக்கை போலப் பல மூலக்கூறுகளுக்கு இரு வடிவங்கள் உண்டு. 1848-ல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர், இவ்வமிலத்தின் உப்புப் பளிங்குகளை இடுக்கியால் பொறுக்கி இரு வகையாகப் பிரித்தார். ஆனால் உண்மையில் எது வலம், எது இடம்? ஜெர்மன் மேதை எமில் பிஷர் 1891-ல் உத்தேசமாக ஒன்றை வைத்துக் கொண்டார். அறுபது ஆண்டு ரசாயனம் அந்த ஊகத்தின் மேல் நின்றது.

1951-ல் ஹாலந்தில் பைவூட் என்பவரும் சகாக்களும், இவ்வமிலத்துடன் சோடியம், ருபீடியம் என்ற இரு உலோகங்கள் சேர்ந்த பளிங்கில் எக்ஸ் கதிரைச் செலுத்தினர். ருபீடியம் அணுக்கள் கதிரைச் சற்றே வேறுபடச் சிதறடித்தன. அச்சிறு வித்தியாசமே உண்மையைக் காட்டிக் கொடுத்தது. பிஷரின் ஊகம் சரியே!

இதனால் என்ன லாபம் என்பார் உண்டு. நடுக்குவாத நோய்க்குத் தரும் டோப்பா மருந்தில் ஒரு கை வடிவமே பயன் தரும். வலம், இடம் அறிவது வெறும் வேடிக்கையல்ல.

இந்த வித்தியாசத்தைக் கொண்டே பளிங்கின் முழு அமைப்பையும் கண்டறியும் முறையை, 1956-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் வெளியிட்டனர். நம் ஊர் அறிவு உலக அறிவோடு தோளுரசிய காலம் அது.

அத்தகைய அறிவு எங்கே முளைக்கும்? சூத்திரங்களை மனப்பாடம் செய்வதில் அல்ல. படிகாரம், வெந்நீர், கண்ணாடித் தம்ளர், ஒரு முழ நூல் - இவை போதும், மலைக்கிராமப் பள்ளியிலும் பளிங்கு வளர்க்கலாம். பரீட்சையில் வராதே என்று ஒதுக்குவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. பரீட்சைத் தாள் மறுநாளே பழசாகிவிடும். தன் கையால் வளர்த்த பளிங்கை எந்தக் குழந்தையும் மறக்காது. 'ஏன்?' என்று அது கேட்கத் தொடங்கும் நாள்தான் உண்மையான முதல் பாடம்.