சுற்றறிக்கையின் மேல் ஒட்டாதீர்கள்

மென்பொருள் துறையில் இருக்கும் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ "பில்ட் ஓடுகிறது" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். எழுதிய நிரலைக் கணினி இயக்கக்கூடிய கோப்பாக மாற்றுவதுதான் பில்ட். அதோடு வேலை முடிவதில்லை. உருவான கோப்பை உரிய சர்வரில் நகலெடுக்க வேண்டும், டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டும், சோதனைகளை ஓட்ட வேண்டும். இவை தானாக நடக்க எழுதி வைக்கும் வரிகளைப் போஸ்ட்-பில்ட் கட்டளைகள் என்பார்கள்.

இருபது புராஜெக்ட் உள்ள இடத்தில் இந்த வரிகள் பெரும்பாலும் இருபதிலும் ஒன்றுதான். முதலாவதில் எழுதியதை மற்றவற்றில் ஒட்டிவிடுவது வழக்கம். பிறகு ஒருநாள் சர்வர் மாறும். பத்தொன்பது இடத்தில் திருத்துவார்கள், ஒன்று விட்டுப்போகும். பழைய சர்வரும் ஓடிக்கொண்டிருந்தால் பிழைச்செய்தி வராது. வாடிக்கையாளருக்குப் போன மாதக் கோப்பே போய்ச் சேரும். பணியில் இருந்த காலத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். திட்டு வாங்கியது கடைசியாகச் சேர்ந்த பையன். ஒட்டியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார்.

பொதுவானதை ஒரே இடத்தில் எழுத வேண்டும் என்பதே என் கட்சி. அதற்கு வசதி இல்லாமல் இல்லை. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' கருவியின் வழிவந்த க்னூ மேக்கில், 'இன்க்ளூட்' என்ற ஒரே வரியில் பொதுக்கோப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்டின் எம்எஸ்பில்டில் 2017-இல் வந்த 15-ஆம் பதிப்பு முதல், 'டைரக்டரி.பில்ட்.டார்கெட்ஸ்' என்ற கோப்பை மேல் ஃபோல்டரில் வைத்தால் போதும், கீழே உள்ள புராஜெக்டுகள் தாமாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனித்தேவை ஒன்றிரண்டு இருக்கும். சிக்கல் அங்கேதான். எம்எஸ்பில்டில் ஒரே பெயரில் இரண்டு டார்கெட் இருந்தால், கடைசியாகப் படித்ததே நிற்கும். முந்தையது சத்தமில்லாமல் போய்விடும். கீழ் ஃபோல்டரில் இன்னொரு பொதுக்கோப்பை வைத்தாலும் அப்படியே. முதலில் கண்ணில் பட்டதோடு தேடல் நின்றுவிடும், மேலே உள்ளதை நாமே அழைத்தால்தான் வரும்.

நம் அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமை அலுவலகச் சுற்றறிக்கைக்குக் கீழே கிளையின் அறிவிப்பை ஒட்டலாம். அதன் மேலேயே ஒட்டினால்? ஆகவே பொதுக்கட்டளைக்குத் தனிப்பெயர் வைத்து, பில்டுக்குப் பின் ஓடும்படி 'ஆஃப்டர்டார்கெட்ஸ்' மூலம் இணையுங்கள். புராஜெக்டின் சொந்தக் கட்டளை வேறு பெயரில் அதன் பக்கத்தில் நிற்கட்டும். க்னூ மேக்கில் இதற்கென்றே இரட்டை முக்காற்புள்ளி விதி உண்டு. ஒரே இலக்குக்கு இரண்டு பேர் எழுதினாலும் இரண்டும் ஓடும்.

"பொதுக்கோப்பில் ஒரு தவறு என்றால் இருபதும் படுத்துவிடுமே" என்பார்கள். உண்மைதான். ஆனால் இருபதும் படுத்தால் அன்று காலையிலேயே தெரிந்துவிடும், பத்து நிமிடத்தில் ஒரே இடத்தில் திருத்திவிடலாம். ஒன்று மட்டும் ஓசையின்றிப் பழசாகிக் கிடந்தால், வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியவரும். எல்லோருக்கும் தெரியும்படி நிற்கும் தவறே மேல்.