பர்மா நகருக்குக் கிடைத்தது கும்மிடிப்பூண்டிக்கும் வேண்டும்

எண்ணூர் பர்மா நகரில் வசிப்பவர்கள் இந்தியர்கள்தானா என்று எர்ணாவூரில் யாரிடமாவது கேட்டால், கேட்டவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். 1962-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் நாட்டுடைமையாகின. ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. பிழைக்க வழியற்றுக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய தமிழர்களில் பலர் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த மண்ணில்தான். அரசு அவர்களைத் தாயகம் திரும்பியோர் எனப் பதிவு செய்து, குடியிருக்க இடமும் தொழில் தொடங்கக் கடனும் கொடுத்தது. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969-இல் பர்மா பஜார் எழுந்தது. அந்தப் பகுதியில் இன்றும் மாலையானால் நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர் சேர்த்து, மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையால் பிசைந்த அத்தோவும், கூடவே வாழைத்தண்டு சூப்பும் விற்பனையாகின்றன. வட சென்னைக்காரர்கள் அதைத் தங்கள் ஊர்ச் சாப்பாடு என்றுதான் சொல்கிறார்கள்.

எர்ணாவூரை ஒட்டிய விம்கோ நகரில் ரயில் ஏறினால் அதே தடத்தில் கும்மிடிப்பூண்டி வருகிறது. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983 இனப்படுகொலைக்குப் பின் அலை அலையாக வந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களுமாக ஏறக்குறைய 58 ஆயிரம் பேர் தமிழக முகாம்களில் இன்னும் வாழ்கிறார்கள். வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, நம்மைப் போலவே பேசுகிறார்கள். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை இல்லை, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வழியில்லை, இந்தியக் கடவுச்சீட்டும் இல்லை. கணக்கெடுப்புக்கு அதிகாரிகள் வரும் நாளில் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். தமிழக அரசு 2021-இல் இவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் சூட்டி, 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் குடியுரிமை வழங்கும் அதிகாரம் மத்திய அரசிடம் மட்டுமே இருக்கிறது.

இவர்கள் யார் என்பதில் அக்கம்பக்கத்தாருக்குச் சந்தேகமில்லை. சந்தேகத்தை உண்டாக்கி வைத்திருப்பது சட்டம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தால், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. ஆக, ஒரே முகாமில் ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்கா இந்தியர், தம்பி அந்நியர்! 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் 2022-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் மூலம் கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். சட்டம் ஏற்கெனவே தந்த உரிமையை எடுத்துக்கொள்ளவே அவர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

பர்மாவிலிருந்து வந்தவர்கள் இந்திய வம்சாவளியினர், இவர்கள் வேற்று நாட்டார், இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கப்படுகிறது. முகாம்களில் இருப்போரில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து போனவர்களின் வழிவந்த இவர்களில் 5.25 லட்சம் பேரை ஏற்பதாக 1964-இல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியா வாக்களித்தது. இலங்கையில் போர் 2009-இல் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்பது அடுத்த வாதம். போக விரும்புவோருக்கு உதவ வேண்டியதுதான். ஆனால் இலங்கையைக் கண்ணாலும் காணாத பிள்ளையை எங்கே திருப்பி அனுப்புவது? இந்தியா எல்லோருக்கும் அடைக்கலம் தரும் சத்திரமல்ல என்ற கருத்தை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வெளியிட்டது. அது தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கில் வந்தது. நாற்பது ஆண்டுகளாகப் பதிவேட்டில் இருந்துவரும் குடும்பங்களுக்கு அதைப் பொருத்துவது நியாயமல்ல. பாதுகாப்பு குறித்த கவலை இருந்தால் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக விசாரிக்கட்டும்.

தேசிய அடையாளம் நீர்த்துப்போகும் என்று அஞ்சுவோர் கனடாவைப் பார்க்கட்டும். நாம் யார் என்ற விவாதம் அங்கே ஓய்ந்ததே இல்லை. கியூபெக் பிரிவதா என்ற 1995 வாக்கெடுப்பில் வேண்டாம் என்ற பக்கம் பெற்றது 50.58 சதவீதம்தான். ஆயினும் அந்நாடு குடியுரிமைக் கதவைச் சாத்தவில்லை. நிரந்தரக் குடியிருப்பு பெற்றவர் ஐந்து ஆண்டுகளில் மூன்றாண்டு அங்கே வசித்தால் விண்ணப்பிக்கலாம். 1986-இல் நியூஃபவுண்ட்லாந்து கடலில் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அந்நாட்டு நாடாளுமன்றம் அறிவித்தது. 2025-இல் கனடாவை 51-ஆவது மாநிலமாக்குவேன் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் பேசியபோது, குடியேறி வந்தவர்களும் கொடியோடு நின்றார்கள். உரிமை பெற்றவர்கள் நாட்டைத் தமதாகவே கருதினார்கள்.

அண்டை நாட்டு அகதிகளுக்கென 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுவிட்டது, இலங்கை விடுபட்டது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களை, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. அவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்று அரசே ஏற்றுக்கொண்ட பிறகு, சட்டவிரோதக் குடியேறிகள் என்ற முத்திரையை ஏன் வைத்திருக்க வேண்டும்? அந்த முத்திரையை நீக்கி, முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு முதலிலும் மலையகத் தமிழருக்கு அடுத்தும் கெடு வைத்துக் குடியுரிமை வழங்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். தமிழகத்தின் எம்.பி.க்கள் கட்சி வேறுபாடின்றி இதை வலியுறுத்த வேண்டும்.