மரைக்கு எந்தக் கிரீஸ்?

ரைஃபிள் பேரல் மாற்றும்போது ஹெட்ஸ்பேஸை ஒன்றுக்கு இரண்டு முறை அளந்து பார்க்கிறோம். டார்க் ரெஞ்சை முறையாகச் சரிபார்க்க அனுப்புகிறோம். மரையில் தடவும் கிரீஸ் விஷயத்தில் மட்டும் பட்டறையில் எந்த டப்பா திறந்திருக்கிறதோ அதுவே போதும் என்றிருக்கிறோம். இந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும்.

எம்16, ஏஆர்-15 வகைகளையே எடுத்துக்கொள்வோம். மேல் ரிசீவர் 7075-டி6 அலுமினியம். அதன் மரையில் ஏறும் பேரல் நட் எஃகு. இந்த இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அரிபடுவது அலுமினியம்தான். அந்த இடத்தில் கிராஃபைட் கிரீஸைத் தடவினால் அரிப்புக்கு நாமே வழி திறந்துவிடுகிறோம்; கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிபடவும் வைக்கும். செம்புத் தூள் கலந்த ஆன்டி-சீஸுக்கும் இதே ஆட்சேபம் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் பராமரிப்புக் கையேடு இங்கே மாலிப்டினம் டைசல்பைடு கிரீஸைத்தான் குறிப்பிடுகிறது. மில்-ஜி-21164 என்ற தர எண்ணுக்கு உட்பட்ட அந்தக் கிரீஸ், ஏரோஷெல் 33எம்எஸ் என்ற பெயரில் விற்கப்பட்டது. இப்போது ஏரோஷெல் 64. விமானப் பராமரிப்புக்காக வந்த சரக்கு இது. மைனஸ் 73 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்.

ஸ்டெயின்லெஸ் ஆக்‌ஷனில் ஸ்டெயின்லெஸ் பேரல் என்றால் கவலை வேறு. அங்கே அரிப்பைவிட மரை ஒன்றோடொன்று கடித்துக்கொள்வதுதான் ஆபத்து. அதற்கு ஆன்டி-சீஸ் தாராளமாகப் பொருந்தும்.

டார்க் அளவுக்கும் கிரீஸுக்கும் உள்ள உறவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு நட்டை முறுக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வைத் தாண்டவே செலவாகிவிடும். மிச்சம்தான் பிடிமானமாகிறது. ஆகவே கிரீஸ் மாறினால், ரெஞ்சில் அதே எண் வந்தாலும் பிடிமானம் மாறிவிடும். ஏஆர்-15 பேரல் நட்டுக்கான 30 முதல் 80 அடி-பவுண்டு (ஏறத்தாழ 41 முதல் 108 நியூட்டன் மீட்டர்) என்ற வரம்பு, சொல்லப்பட்ட கிரீஸைத் தடவிய மரைக்கானது. உலர்ந்த மரைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. 30-க்கு முறுக்கித் தளர்த்தி மறுபடி முறுக்கும் சடங்கையும் நேரம் போகிறதென்று விட்டுவிடாதீர்கள். மரையின் முகங்கள் ஒன்றோடொன்று படிவது அதில்தான்.

அடுத்தது கிளீனர். பழைய கிரீஸின் மேல் புதியதைப் பூசினால் இரண்டும் கலந்து எதுவாகும் என்று யாரும் சொல்ல முடியாது. நைலான் பிரஷ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அல்லது குளோரின் கலக்காத பிரேக் கிளீனர், பிறகு நன்றாக உலரவிடுதல்: பெரும்பாலான வேலைக்கு இவ்வளவு போதும். காரம் மிகுந்த டிகிரீசர்கள் அலுமினியத்தின் அனோடைஸ் பூச்சையே கரைக்கும். அவை ரிசீவர் பக்கம் வரவே கூடாது.

குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தீப்பிடிக்காது என்பதால் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தெளித்த இடத்தில் டார்ச் சூடு பட்டால் ஃபாஸ்ஜீன் உண்டாகலாம். முதல் உலகப் போரில் நச்சு வாயுவாகப் பயன்பட்டதே, அதுதான். இறுகிய நட்டைச் சூடாக்கிக் கழற்றும் பழக்கம் இருக்கும் பட்டறையில் அந்த டின்னுக்கு இடம் கொடுக்காதீர்கள். உண்மையில் ரிசீவரில் டார்ச்சே கூடாது. 7075-டி6 கடினப்படுத்தப்படுவதே 120 டிகிரி அளவில். அதற்கு வெகு மேலே சூடேறினால் உலோகம் தன் வலுவை இழந்துவிடும்.

வேலை அட்டையில் டார்க் அளவை எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிரீஸின் பெயரையும் எழுதுங்கள். அடுத்து அந்தப் பேரலைக் கழற்றுபவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.