இரவில் எங்கே தங்குவாய்?



ஏறத்தாழ ஏழாயிரம் பேர் வாழும் சிற்றூர் ஒன்று. ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் பத்து நாள்கள் மட்டும் அங்கே நான்கு லட்சம், ஐந்து லட்சம் பேர் வந்து குவிகின்றனர். 2015-ஆம் ஆண்டில் அவர்களின் தொகை ஏழு லட்சத்தையும் தாண்டியது. பகலில் சாலைகள் அவர்களைத் தாங்கிக்கொள்ளும். இரவில் அத்தனை பேரும் எங்கே தலைசாய்ப்பார்கள்?

அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்திலுள்ள ஸ்டர்ஜிஸ் என்பதே அவ்வூர். அங்கு நடைபெறும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தைப் பேரணி என்றே ஏடுகள் எழுதுகின்றன. அச்சொல் நமக்கு ஊர்வலத்தை நினைவூட்டும். உண்மையிலோ அது பத்து நாள் பெருவிழா. 1938-இல் கிளாரன்ஸ் ஹோயல் என்னும் மோட்டார் சைக்கிள் வணிகர், ஜாக்பைன் ஜிப்சீஸ் என்ற சங்கத்தின் துணையோடு நடத்திய பந்தயத்தில் கலந்துகொண்டோர் ஒன்பதே பேர். அன்று வந்தவர்களை ஒரு குடும்பமே உபசரித்து அனுப்ப முடிந்தது. இன்றோ ஊரார் பலர் தம் வீட்டையே அந்த நாள்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூர் போய்விடுகின்றனர். வாசற்புல்வெளியில் ஒரு கூடாரம் அடிக்கும் அளவு இடம் இருந்தாலும் அதற்கும் விலையுண்டு!

இதை நம் இல்லங்களில் ஏன் பேசவேண்டும் என்று நீங்கள் வினவலாம். கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் நம் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் வாழ்கின்றனர். வண்டியோட்டும் ஆசை யாரை விட்டது? ‘நண்பர்களோடு ஸ்டர்ஜிஸ் போய் வருகிறேன்’ என்று மகன் தொலைபேசியில் சொன்னால், வாப்பா ‘எந்த வண்டி, என்ன விலை?’ என்று கேட்பார். உம்மாவோ ‘இரவில் எங்கே தங்குவாய்?’ என்பார். உம்மாவின் கேள்வியே பொருளுடையது என்பது என் கருத்து.

முதலில் தொலைவைக் கவனியுங்கள். ஸ்டர்ஜிஸுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் ராப்பிட் சிட்டி இருக்கிறது. விமான நிலையமும், மருத்துவமனையும், மிகுதியான விடுதிகளும் கொண்ட நகரம் அது. மேற்கே 30 கிலோமீட்டர் சென்றால் ஸ்பியர்ஃபிஷ் வரும். இவ்விரண்டையும் ஸ்டர்ஜிஸுடன் 90-ஆம் எண் நெடுஞ்சாலை இணைக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் அரைமணிப் பயணம், எளிதென்றே தோன்றும். ஆயின் அச்சாலையில் வண்டிகள் மிகுந்த வேகத்தில் செல்லும். அந்தி சாய்ந்தபின் மான்கள் சாலையின் குறுக்கே பாயும் நிலப்பகுதி அது. பகலெல்லாம் வெயிலில் வண்டியோட்டிக் களைத்தவர், நள்ளிரவில் அரைமணி நேரம் இருளில் ஓட்டியே படுக்கைக்குத் திரும்பவேண்டும். அவர் மது அருந்தாதவராகவே இருக்கட்டும். எதிரே வருபவரும் அருந்தாதவர்தாம் என்று யார் உறுதி கூறுவது? பதினெட்டு வயது நிரம்பியவர்கள் தலைக்கவசம் அணியவேண்டும் என்று அம்மாநிலச் சட்டம் வற்புறுத்துவதில்லை. அந்தப் பத்து நாள்களில் சாலையில் உயிரிழப்போர் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. ஆகவே தொலைவில் தங்குவோர் ‘இருட்டுமுன் திரும்பிவிடுவோம்’ என்ற உறுதியோடு தங்கவேண்டும். அது இயலாதெனில் அருகில் தங்குவதே மேல்.

அருகில் தங்கினால் அமைதி கிட்டாது. ஊருக்குக் கிழக்கே பஃபலோ சிப் என்னும் பெருங்கூடாரத் திடல் 1981 முதல் இயங்கி வருகிறது. இரவுதோறும் அங்கே இசை நிகழ்ச்சிகள். நள்ளிரவு கடந்தும் இயந்திரங்களின் உறுமல். மதுவும் ஆரவாரமும் வேறு. கூட்டத்தை நாடி வருவோர்க்கு அதுவே கொண்டாட்டம். மனைவி மக்களோடு வருபவர்க்கு ஓரிரவே போதும் போதும் என்றாகிவிடும். மேலும் ஆகஸ்ட் மாதத்தில் அம்மலைப் பகுதியில் திடீரென இடியும் காற்றும் ஆலங்கட்டி மழையும் வந்திறங்கும். கூடாரத் துணி அதற்கு எம்மாத்திரம்? எனினும் கூடாரத்தில் ஒரு நன்மை உண்டு. நமக்கு ஆகுமான உணவை நாமே சமைத்துக்கொள்ளலாம். விடுதி அறையில் அதற்குப் பெரும்பாலும் இடமில்லை.

டெட்வுட் என்னும் பழைய ஊர் இருபது கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. 1876-இல் தங்கவேட்டைக்காரர்கள் எழுப்பிய ஊர். பழைமை மணக்கும் கட்டடங்கள் நிறைந்தது. ஆயினும் 1989 முதல் அங்கே சூதாட்டம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டுள்ளது. மேலே படுக்கையறை, கீழே சூதாட்டக் கூடம் என்று அமைந்த விடுதிகள் பல. ‘அறை காலியாக உள்ளது’ என்ற சொல்லை மட்டும் நம்பி முன்பணம் கட்டிவிடாமல், கீழ்த்தளத்தில் என்ன நடக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு செல்வோர்க்கு என் மனம் பரிந்துரைப்பது தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கஸ்டர் என்ற ஊரைத்தான். காட்டெருமைகள் கூட்டமாய் மேயும் மாநிலப் பூங்கா அதனருகே உண்டு. 1927 முதல் 1941 வரை நான்கு அதிபர்களின் முகங்களைச் செதுக்கிய ரஷ்மோர் மலையும் அருகில்தான். ஒரு பகல் மட்டும் ஸ்டர்ஜிஸ் சென்று, வண்டிகள் வரிசைவரிசையாய் நிற்கும் காட்சியைக் கண்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடலாம். எங்கே தங்கினாலும் அந்நாள்களில் வாடகை பன்மடங்கு உயர்ந்திருக்கும். பலர் ஓராண்டுக்கு முன்பே இடம்பிடித்து வைக்கின்றனர்.

இதுவரை கூறியது நம் வசதி பற்றியது. இன்னொன்றும் சொல்லவேண்டும்.

ஸ்டர்ஜிஸுக்கு வடகிழக்கே சில மைல் தொலைவில், சமவெளியில் தனித்து நிற்கிறது பேர் பியூட் என்னும் மலை. லக்கோட்டா மக்கள் அதை மாட்டோ பாஹா, அதாவது கரடிமலை, என்கின்றனர். தம் நெறியை வகுத்துத் தந்த முன்னோர் அங்கேதான் அருள்வாக்குப் பெற்றார் என்பது செயேன் மக்களின் நம்பிக்கை. இன்றும் அவர்கள் அங்கு சென்று நோன்பிருக்கின்றனர். வேண்டுதல் செய்து மரக்கிளைகளில் வண்ணத் துணிகளைக் கட்டிவைக்கின்றனர். 1961 முதல் அது மாநிலப் பூங்காவாக இருப்பதால் எவரும் ஏறிப் பார்க்கலாம். துணிகளைத் தொடவேண்டாம், வழிபடுவோரைப் படமெடுக்கவேண்டாம் என்பதே அவர்களின் வேண்டுகோள்.

பேரணி பெருகப் பெருகக் கூடாரத் திடல்களும் மதுக்கூடங்களும் அம்மலையை நோக்கி நகர்ந்தன. 2006-இல் பழங்குடியினர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். பல குலத்தார் பொருள் திரட்டி மலையைச் சூழ்ந்த நிலத்தை விலைக்கு வாங்கத் தலைப்பட்டனர். எண்ணிப் பாருங்கள்! 1868-இல் செய்துகொண்ட உடன்படிக்கையில் கருங்குன்றுப் பகுதி முழுவதும் அவர்களுக்கே உரியதென ஒப்புக்கொண்ட அரசு, தங்கம் கிடைத்ததும் 1877-இல் அதைப் பறித்துக்கொண்டது. இழப்பீடு தரவேண்டும் என 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘எங்களுக்கு நிலம் வேண்டும், பணம் வேண்டா’ என்று அவர்கள் அத்தொகையை இன்றளவும் தொடவில்லை. தமக்கே உரியது என்று கருதும் மண்ணைத் தம் பணம் கொடுத்து வாங்கினால்தான் அமைதியாக வழிபட முடியும் என்ற நிலை!

ஐந்து லட்சம் பேரில் ஒருவராகச் செல்லும் நம் பிள்ளை, தன் ஒரு வண்டியின் ஓசையால் என்ன நேர்ந்துவிடும் என்று எண்ணக்கூடும். முன்பதிவுக்குப் பணம் அனுப்புமுன் நிலப்படத்தை விரித்து, தான் தங்கவிருக்கும் திடல் 79-ஆம் எண் சாலையில் அம்மலையை ஒட்டி இருக்கிறதா, அல்லது ஊருக்குத் தெற்கே இருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தெற்கே இடம் கிடைக்கும். வாடகையிலும் பெரிய வேறுபாடு இராது.