தீர்த்தமாடும் நாள்களில் சுவாசத் தொற்று: எங்கே பரவுகிறது? எவ்வாறு தடுப்பது?

தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் இராமேஸ்வரத்தில் மக்கள் பெருந்திரளாகக் கூடும் நாள்களாகும். முன்னோர்க்குத் திதி கொடுக்கவும், அக்னி தீர்த்தக் கடலிலும் இராமநாதசுவாமி திருக்கோவிலின் 22 தீர்த்தங்களிலும் நீராடவும் பல மாநிலங்களிலிருந்து பக்தர்கள் வருகின்றனர்.

2025 ஜனவரி தொடக்கத்தில் சென்னையிலும் சேலத்திலும் தலா ஒருவருக்கு எச்.எம்.பி.வி. தொற்று கண்டறியப்பட்டது. அவ்வாண்டின் தை அமாவாசை ஜனவரி 29 அன்று வந்தது. இத்தகைய செய்தி வெளியாகும்போது பயணம் குறித்து ஐயம் எழுவது இயல்பே. ஆயினும் அது புதிய வைரஸ் அன்று. 2001-ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்டது. மேலும், இந்தியாவில் பருவகால இன்புளுயன்சா பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரையிலும், மழைக்காலத்தை ஒட்டியும் அதிகரிக்கிறது. எனவே, செய்தி வந்தாலும் வராவிட்டாலும் தை அமாவாசைப் பயணத்தில் முன்னெச்சரிக்கை தேவை.

2020-ஆம் ஆண்டு கொரோனா பொதுமுடக்கத்தின்போது திருக்கோவில் பக்தர்களுக்கு மூடப்பட்டது. ஒவ்வொரு காய்ச்சல் பருவத்திலும் அவ்வாறு மூடுவது இயலாது, தேவையும் இல்லை. பக்தர்களின் வருகையை நம்பி வாழும் தீர்த்தம் இறைப்போர், வாகன ஓட்டுநர்கள், சிறுவணிகர்கள் ஆகியோரின் வாழ்வாதாரமும் உடல்நலமும் ஒருங்கே காக்கப்பட வேண்டுமெனில், அன்றாடப் பழக்கங்களே துணை.

எங்கே பரவுகிறது?

தொற்றுள்ளவர் பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் வழியாக வைரஸ் பரவுகிறது. கடற்காற்று வீசும் திறந்த கரையில் அவை விரைவில் கலைந்துவிடும். சன்னல் மூடிய பேருந்து, பலர் நெருங்கி உறங்கும் விடுதி அறை, நகராத வரிசை ஆகிய இடங்களிலேயே ஆபத்து மிகுதி. "தீர்த்தமாடியதால் சளி பிடித்தது" என்பதுண்டு. ஈரம் மட்டுமே தொற்றை உண்டாக்காது. அருகில் இருந்தவரின் மூச்சுக்காற்றிலிருந்தே அது பெரும்பாலும் வருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• காய்ச்சலோ இருமலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அமாவாசை மாதந்தோறும் வருகிறது.
• பேருந்திலும் விடுதி அறையிலும் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.
• பயணத்திலும் வரிசையிலும் முகக்கவசம் அணியுங்கள். நனைந்த முகக்கவசம் பயன் தராது. நீராடிய பின் அணிய உலர்ந்த ஒன்றை வைத்திருங்கள்.
• உண்பதற்கு முன் சோப்பிட்டு 20 விநாடிகள் கைகழுவுங்கள். துண்டு, குவளை ஆகியவற்றைப் பகிர வேண்டாம்.
• முதியோர், கர்ப்பிணிகள், நீரிழிவு, இதய நோய் அல்லது ஆஸ்துமா உள்ளோர் இன்புளுயன்சா தடுப்பூசி குறித்து மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள். தடுப்பூசி முழுப் பயன் தர ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும்.
• மீனவர்கள் காய்ச்சலுடன் கடலுக்குச் செல்வதைத் தவிர்க்க வேண்டும். படகின் சிறிய அறையில் ஒருவரின் தொற்று உடனிருப்போர் பலருக்கும் பரவக்கூடும். நடுக்கடலில் மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனடி உதவி கிடைப்பது அரிது.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாதல், மனக்குழப்பம், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவை அபாய அறிகுறிகள். தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐத் தொடர்பு கொள்ளலாம். ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரஸைக் கட்டுப்படுத்தாது. மருத்துவர் பரிந்துரையின்றி அவற்றை வாங்கி உட்கொள்ள வேண்டாம்.

உங்களுக்குச் சாதாரணச் சளியாகத் தோன்றுவது, வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்கும் முதியவருக்கு நிமோனியாவாக மாறக்கூடும். அவரையும் எண்ணிப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.